காரில் குழந்தை, அலமாரியில் ஆராய்ச்சி

புதுக் கார் வாங்கியவர் முதல் நாள் கதவைத் திறந்து காட்டும்போது, அக்கம்பக்கத்தார் தலையை உள்ளே நீட்டி மூச்சை நன்றாக இழுத்துப் பார்ப்பது வழக்கம். உறைத்துணி, பிளாஸ்டிக், பசை, பெயிண்டு எல்லாம் கலந்த அந்த வாசனைக்கு ஒரு தனி மவுசு உண்டு. சில மாதங்களில் அது மங்கிவிடும். "புது வாசனை போய்விட்டதே!" என்று சொந்தக்காரருக்குச் சற்று வருத்தமாகக்கூட இருக்கும்.

வாசனை போனாலும் போகாத சங்கதிகள் சில அந்தக் காருக்குள் இருக்கின்றன. அவற்றை மூக்கு அறியாது, கண்ணும் காணாது. ஆசன மெத்தையிலிருந்து வருஷக் கணக்காக மெல்ல மெல்ல வெளிப்பட்டு, உள்ளே இருக்கும் காற்றிலும் தூசியிலும் அவை கலந்து கொண்டே இருக்கின்றன. குழந்தையின் உயிரைக் காப்பதற்கென்றே செய்து, வார் போட்டுக் கட்டி வைக்கும் சின்னஞ்சிறு ஆசனத்திலும் இதே ஜாதி ரசாயனங்கள் இருந்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

யார் இதைக் கண்டுபிடித்தார்கள்? கண்டுபிடித்ததை ஜனங்களிடம் சொன்னார்களா? சொன்னதனால் விளைந்த பயன் என்ன? அமெரிக்காவில் ஏறக்குறைய ஐம்பது வருஷங்களாக நடந்து வரும் கதை இது. விஞ்ஞானி அறிந்ததைத் தாய் அறிய வேண்டாமா என்பதே இந்தக் கதையில் அடங்கியிருக்கும் கேள்வி.

சிகரெட்டுக்காக வந்த சட்டம்

அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அந்த நாட்டுச் சர்க்கார் வகுத்த பல பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவை. அவற்றுள் 302-ஆம் எண் விதி தீயைப் பற்றியது. 1972 செப்டம்பர் முதல் தேதி அது அமலுக்கு வந்தது. தீக்குச்சி, சிகரெட் போன்றவற்றால் காருக்குள்ளேயே பற்றிக்கொள்ளும் தீயில் உயிர்ச்சேதம் நேராமல் காப்பதே அதன் நோக்கம். ஆசனத்துணி, மெத்தை, கூரை உறை முதலியவற்றிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, படுக்கை வாட்டில் பிடித்து, ஒரு முனையில் சிறு சுடரைக் காட்டுவார்கள். தீ நிமிஷத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது சுமார் நான்கு அங்குலத்துக்கு மேல், பரவக் கூடாது. பரவினால் அந்தச் சரக்கு தேறாது.

புகை பிடிப்போர் மலிந்திருந்த காலத்தில் இது நியாயமான விதியாகவே தோன்றியது. ஆனால் கார் மெத்தைகள் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்த பாலியூரித்தேன் என்னும் நுரைப்பஞ்சினால் ஆனவை. தீப்பட்டால் அது படபடவென்று எரியும். அதைப் பரீட்சையில் தேற வைக்கத் தொழிற்சாலைகள் கண்ட சுலபமான வழி, தீயின் வேகத்தைக் குறைக்கும் ரசாயனங்களைச் சேர்ப்பதுதான். புரோமின், குளோரின், பாஸ்பரஸ் இவற்றை ஆதாரமாகக் கொண்ட கலவைகள் இப்படித்தான் மெத்தைக்குள் புகுந்தன. ரசாயனம் போடு என்று சட்டம் சொல்லவில்லை. தீ மெதுவாகப் பரவ வேண்டும் என்றுதான் சொன்னது. ஆனால் ரசாயனம்தான் மலிவான வழியாக அமைந்தது.

குழந்தைகளுக்கான பாதுகாப்பு ஆசனத்துக்கு 213-ஆம் எண் என்று தனி விதி உண்டு. அந்த விதியும், தீ விஷயத்தில் 302-ஐயே பின்பற்றச் சொல்லுகிறது. ஆகவே சிகரெட்டுக்குப் பயந்து எழுதிய சட்டம், பால்மணம் மாறாத சிசுவின் ஆசனத்துக்கும் பொருந்தலாயிற்று. எந்தக் குழந்தை ஆசனத்தில் சாய்ந்துகொண்டு சிகரெட் பிடிக்கப் போகிறது?

இந்த ரசாயனங்களில் பலவும் நுரைப்பஞ்சோடு இறுகப் பிணைந்தவை அல்ல. வெறுமே கலந்து நிற்பவை. கற்பூரத்தைத் திறந்து வைத்தால் நாளடைவில் காற்றோடு போய்விடுகிறதல்லவா? அவ்வளவு வேகம் இவற்றுக்கு இல்லை. வழி மட்டும் ஏறக்குறைய அதுதான். காற்றில் போனவை தூசியில் படிகின்றன. முன்புறக் கண்ணாடியின் உட்பக்கத்தில் மெல்லிய ஏடாகவும் ஒட்டிக்கொள்கின்றன. பெரியவர்கள் அவற்றைச் சுவாசிக்கிறார்கள். குழந்தையோ சுவாசிப்பதோடு நிற்பதில்லை. தொட்டதையெல்லாம் தடவி, தடவிய கையை உடனே வாயில் வைப்பது அதன் சுபாவம். உடல் எடையோடு ஒப்பிட்டால் அது இழுக்கும் மூச்சுக் காற்றும் பெரியவர்களைவிட அதிகம்.

இரவு உடுப்பு கற்பித்த பாடம்

கார்களைப் பற்றி யாரும் பேசத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே, குழந்தைகளின் இரவு உடுப்பில் இந்த நாடகம் ஒரு முறை நடந்து முடிந்தது. உறங்கும் குழந்தையின் சட்டையில் தீப்பிடித்துவிடக் கூடாது என்று 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சர்க்கார் விதி செய்தது. துணி ஆலைகள் 'டிரிஸ்' என்னும் புரோமின் கலவையைத் துணியில் சேர்த்தன. குழந்தைகள் அதை உடுத்து உறங்கின. சட்டை நுனியைச் சப்பின.

கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆர்லின் பிளம் என்ற ரசாயன விஞ்ஞானியும் புரூஸ் ஏம்ஸ் என்ற பேராசிரியரும் இதைச் சோதித்தார்கள். நுண்ணுயிர்களின் பரம்பரைத் தாதுவில் மாறுதல் உண்டாக்கும் பொருள் எது என்று கண்டறிய ஏம்ஸ் வகுத்த சோதனை உலகப் பிரசித்தமானது. அந்தச் சோதனையில் டிரிஸ் அகப்பட்டுக்கொண்டது. புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று எச்சரித்து, 1977 ஜனவரியில் 'சயன்ஸ்' பத்திரிகையில் இருவரும் கட்டுரை எழுதினார்கள். செய்தி பரவிற்று, தாய்மார்கள் பதறினார்கள். மூன்றே மாதங்களில், ஏப்ரலில், அந்த ரசாயனம் சேர்ந்த குழந்தை உடுப்புகளுக்கு அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷன் தடை விதித்தது. அப்படிப்பட்ட உடுப்பை அணிந்த குழந்தைகளின் சிறுநீரில் அந்த ரசாயனத்தின் சிதைவுப் பொருள் இருந்ததை மறு வருஷம் வெளிவந்த ஆராய்ச்சி மெய்ப்பித்தது.

இத்துடன் கதை சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் புரோமின் டிரிஸ் போன இடத்துக்கு அதன் ஒன்றுவிட்ட சகோதரனான குளோரின் டிரிஸ் வந்து சேர்ந்தது. அதுவும் அதே சோதனையில் அகப்பட்டது. இரவு உடுப்பிலிருந்து அதுவும் விலகிற்று. ஜனங்கள் அத்தோடு விஷயத்தை மறந்தார்கள். ரசாயனம் மட்டும் மறையவில்லை.

2011-ல் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹெதர் ஸ்டேபிள்டன், மேலே சொன்ன ஆர்லின் பிளம் முதலானோர், குழந்தைகளுக்கான 101 சாமான்களிலிருந்து நுரைப்பஞ்சை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் கார் ஆசனங்களும் இருந்தன. நூற்றுக்கு 80 சாமான்களில் தீத்தடுப்பு ரசாயனம் இருந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாகத் தென்பட்டது, இரவு உடுப்பிலிருந்து விரட்டப்பட்ட அதே குளோரின் டிரிஸ்! நூற்றுக்கு 36 சாமான்களில் அது குடியிருந்தது. வாசல் வழியாகப் போனவன் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டான். வீட்டுக்காரருக்குத்தான் முப்பது வருஷங்களாகத் தெரியவில்லை. அந்த 2011-ஆம் வருஷமே, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் கலிபோர்னியா மாநிலம் அதைச் சேர்த்தது.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தவர்கள்

கார் உற்பத்திக்குப் பேர்போன டெட்ராய்டு நகரத்துக்கு மேற்கே ஆன் ஆர்பர் என்ற ஊர் இருக்கிறது. 1970-ல் அங்கே 'ஈகாலஜி சென்டர்' என்ற சிறு ஸ்தாபனம் தோன்றிற்று. சர்க்காரைச் சேர்ந்ததும் அல்ல, கம்பெனியைச் சேர்ந்ததும் அல்ல. ஊர் ஜனங்களின் முயற்சியில் நடப்பது. கார் ராஜ்யத்தின் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு காரைக் குறை சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். அது இவர்களுக்கு இருந்தது.

இவர்கள் பல கம்பெனிகளின் கார்களில் முன் கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்து எடுத்தார்கள், தூசியையும் திரட்டினார்கள். சோதனையில் புரோமின் சேர்ந்த தீத்தடுப்புப் பொருள்களும், பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் தாலேட் என்னும் பொருள்களும் வெளிப்பட்டன. 2006 ஜனவரியில் அறிக்கை பிரசுரமாயிற்று. 'எந்த வேகத்திலும் நஞ்சு' என்று பொருள்படும்படி அதற்குப் பெயர் சூட்டினார்கள். கார்களின் அபாயங்களை அம்பலப்படுத்தி 1965-ல் ரால்ப் நேடர் எழுதிய பிரசித்தமான புத்தகத்தின் தலைப்பை நினைவூட்டும் பெயர் அது. அமெரிக்கர்களுக்குக் குறிப்பு உடனே புரிந்தது.

அறிக்கையோடு இவர்கள் நிற்கவில்லை. கைத்துப்பாக்கி போன்ற ஓர் எக்ஸ்-ரே கருவியை எடுத்துக்கொண்டார்கள். அதை ஆசனத்தின் மேல் வைத்து அமுக்கினால், உள்ளே புரோமின், குளோரின், ஈயம் முதலிய மூலகங்கள் இருக்கின்றனவா என்பதைக் கொஞ்ச நேரத்தில் காட்டிவிடும். வெட்டவோ எரிக்கவோ வேண்டியதில்லை. இப்படி நூற்றுக் கணக்கான கார்களையும் குழந்தை ஆசனங்களையும் சோதித்து, எந்தக் கம்பெனியின் எந்த மாடலில் என்ன இருக்கிறது என்று பெயர் சொல்லியே பட்டியல் போட்டார்கள். கடைக்குப் போகும் தாய் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ரசாயனப் பட்டம் எதுவும் அவளுக்குத் தேவையில்லை.

இவர்கள் செய்த பெரிய காரியம் இதுவே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். விஞ்ஞானப் பத்திரிகையில் வரும் கட்டுரை ஏட்டுச் சுரைக்காய். அதைக் கறிக்கு உதவும் காய் ஆக்கியவர்கள் இந்த ஆன் ஆர்பர்க்காரர்கள்.

பலன் கிடைத்ததா? 2012-ல், 200-க்கும் மேற்பட்ட புது மாடல்களைச் சோதித்தபின் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, நூற்றுக்கு அறுபது கார்களின் உட்புறம் புரோமின் தீத்தடுப்பு இல்லாமலே தயாராகியிருப்பதாகக் கூறிற்று. பட்டியலில் கடைசி இடத்தில் தன் பெயர் நிற்பதை எந்த முதலாளி விரும்புவார்? சட்டம் மாறுமுன்பே சரக்கு மாறத் தொடங்கிற்று. குழந்தை ஆசனங்களின் விஷயத்தில் முன்னேற்றம் மெதுவாகவே வந்தது. அவர்கள் 2018-ல் வெளியிட்ட முடிவில், 18 ஆசனங்களில் 15-ல் தீத்தடுப்பு ரசாயனம் இருந்தது. மிச்சம் மூன்றையும் கவனிக்க வேண்டும். ரசாயனம் சேர்க்காமலே சட்டப் பரீட்சையில் தேற முடியும் என்பதற்கு அவையே சாட்சி. கம்பளி இயற்கையிலேயே எளிதில் தீப்பற்றாது. அதை உறையாகக் கொண்ட ஆசனம் 2017-ல் கடைக்கு வந்துவிட்டது. 'முடியாது' என்ற பேச்சுக்கு அன்றே இடமில்லாமல் போயிற்று.

வெயில் ஏற ஏற

2024-ல் டியூக் சர்வகலாசாலையாரும், ஆர்லின் பிளம் ஆரம்பித்த விஞ்ஞானக் கொள்கை ஸ்தாபனத்தைச் சேர்ந்தவரும் பங்குகொண்ட மற்றோர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அமெரிக்காவின் 30 மாநிலங்களில், 2015-ஆம் வருஷ மாடலும் அதற்குப் பிந்தியவையுமான 101 கார்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முன்புறம் தொங்கும் பின்நோக்குக் கண்ணாடியில் சிலிக்கோன் பட்டை ஒன்றை ஒரு வாரம் மாட்டிவைக்கச் செய்தார்கள். காற்றில் உள்ள ரசாயனங்களை அந்தப் பட்டை உறிஞ்சிக்கொள்ளும். பல கார்களிலிருந்து ஆசனப் பஞ்சும் கொஞ்சம் கிள்ளி எடுக்கப்பட்டது.

நூற்றுக்கு 99 கார்களில் 'டிசிஐபிபி' என்னும் தீத்தடுப்புப் பொருள் இருந்தது. எலிகளிடம் அது புற்றுநோய்க் கட்டிகளை உண்டாக்கியதற்கான சான்றுகளை அமெரிக்க சர்க்காரின் நச்சியல் திட்டம் 2023-ல் வெளியிட்டிருந்தது. பஞ்சில் இந்தப் பொருள் இருந்த கார்களின் காற்றிலும் அதன் அளவு அதிகமாக இருந்தது. ஆகவே ஊற்று எது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. குளிர்காலத்தைவிட வெயில் காலத்தில் கார்க் காற்றில் இந்தப் பொருள்கள் இரண்டு மடங்கு முதல் ஐந்து மடங்கு வரை கூடியிருந்ததும் தெரிந்தது. உஷ்ணம் ஏற ஏற, மெத்தை தன்னுள் இருப்பதை அதிகமாக வெளியே விடுகிறது.

இத்தனைக்கும், இந்த ரசாயனங்கள் தீயிலிருந்து காப்பாற்றுகின்றனவா? தீயோடு தினம் போராடுகிறவர்களைக் கேட்க வேண்டும். அமெரிக்கத் தீயணைப்புப் படையினரின் தொழிற்சங்கமே இந்த ரசாயனங்களை எதிர்க்கிறது. அவை தீயைத் தடுப்பது சொற்பம் என்றும், எரியும்போது புகையைப் பெருக்கி மேலும் நச்சாக்குகின்றன என்றும் அவர்கள் சொல்லுகிறார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான்.

சொல்லலாமா, கூடாதா?

இத்தகைய ஆராய்ச்சியை ஊரெங்கும் பரப்பக் கூடாது என்று வாதிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் கம்பெனிக்காரர்கள் அல்ல. நல்லெண்ணம் உடைய நிபுணர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் சொல்லும் காரணங்களை அலட்சியம் செய்வது நியாயமாகாது.

ஒன்று, ஒரு பொருள் இருக்கிறது என்று காட்டுவது வேறு, அதனால் நோய் வரும் என்று மெய்ப்பிப்பது வேறு என்கிறார்கள். உண்மைதான். எக்ஸ்-ரே கருவி புரோமின் இருப்பதைச் சொல்லும். எந்தக் கலவை, எவ்வளவு உடம்புக்குள் போயிற்று என்பதைச் சொல்லாது. ஆனால் கலிபோர்னியாவில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களை வருஷக் கணக்காகக் கவனித்து வந்த ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் ஒன்றைத் தெரிவித்தார்கள். பழைய புரோமின் தீத்தடுப்புப் பொருள் உடம்பில் அதிகம் சேர்ந்த தாய்மாரின் குழந்தைகளுக்குக் கவனம் செலுத்தும் திறனும் கைவிரல் லாவகமும் குறைந்து காணப்பட்டன என்பதே அது. அந்தப் பொருள்களை உலக நாடுகள் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்து விலக்கத் தொடங்கியதும் வீண் பயத்தினால் அல்ல. கடைசிச் சாட்சி வந்து கூண்டில் ஏறும் வரை காத்திருந்தால், அதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்து பெரிதாகிவிடும்.

மற்றொரு காரணம் இன்னும் கனமானது. செய்தியைக் கேட்டுப் பயந்த தாய், ஆசனத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கார் விபத்தில் சிசுக்கள் மாளும் அபாயத்தைப் பாதுகாப்பு ஆசனம் நூற்றுக்கு 71 பங்கு குறைக்கிறது. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நூற்றுக்கு 54 பங்கு குறைக்கிறது. இது அமெரிக்க சர்க்காரின் சாலைப் பாதுகாப்பு இலாகாவின் கணக்கு. நாளடைவில் வரக்கூடிய தீங்குக்கு அஞ்சி, அடுத்த திருப்பத்தில் காத்திருக்கும் எமனுக்கு வழிவிடலாமா? அது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடும்.

இந்த அபாயம் மெய்யானதே. ஆனால் அதற்குப் பரிகாரம் மௌனம் அல்ல, ஒழுங்காகச் சொல்வதுதான். இந்த ஆராய்ச்சியை வெளியிடுகிறவர் எவரானாலும், அவருடைய முதல் வாக்கியம் "குழந்தையை ஆசனத்திலிருந்து எடுக்காதீர்கள்" என்றே இருக்க வேண்டும். ஆன் ஆர்பர்க்காரர்களும் அதை வற்புறுத்தியே வந்திருக்கிறார்கள். இரண்டாவதாக, எது நிச்சயம், எது சந்தேகம் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, கேட்பவர் வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல், 'காருக்குள் காலன்!' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு ஓடுவது பிரசாரமும் அல்ல, விஞ்ஞானமும் அல்ல. அது வெறும் வியாபாரம்.

செய்யக்கூடியவை சுலபமானவையே. வெயிலில் நின்ற காரில் ஏறியவுடன் கதவுகளையும் ஜன்னல்களையும் சற்று நேரம் திறந்து வைக்கலாம். கூடுமானவரை நிழலில் நிறுத்தலாம். உட்புறத்தையும் கண்ணாடியையும் ஈரத்துணியால் துடைத்துத் தூசி சேராமல் பார்த்துக்கொள்ளலாம். பயணம் முடிந்ததும் குழந்தையின் கையைக் கழுவிவிடலாம். கார் ஆசனத்தைக் காரில் மட்டும் உபயோகித்து, வீட்டில் தூங்கத் தொட்டிலையோ பாயையோ தரலாம். புதிதாக வாங்குகிறவர்கள், "தீத்தடுப்பு ரசாயனம் சேர்த்திருக்கிறீர்களா?" என்று கடைக்காரரைக் கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவார்.

பெயரை மாற்றினால் போதாது

ஆயினும் தாயின் கையில் ஈரத்துணியைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் தப்பித்துக்கொள்ளக் கூடாது. இரவு உடுப்புக் கதையின் பாடம் இங்கேதான் பயன்பட வேண்டும். ஒரு ரசாயனத்தின் பெயரை மட்டும் சொல்லித் தடுத்தால், அதன் தம்பி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறான். புரோமின் டிரிஸ் போய்க் குளோரின் டிரிஸ் வந்தது. பழைய புரோமின் பொருள்கள் போய் டிசிஐபிபி வந்தது. அவனையும் ஆராய்ந்து குற்றம் மெய்ப்பிக்க இன்னும் பல வருஷங்கள். அப்போது இன்னொரு தம்பி தயாராக இருப்பான்.

ஆகவே ஆளை விட்டு, அவனை அழைக்கும் சட்டத்தைத் தொட வேண்டும். வீட்டு நாற்காலி, சோபா விஷயத்தில் கலிபோர்னியா அதைச் செய்து காட்டிற்று. 1975-லிருந்து அங்கே நுரைப்பஞ்சைச் சுடரில் காட்டும் பரீட்சை இருந்து வந்தது. 2012-ல் 'சிகாகோ டிரிப்யூன்' நாளிதழ், தீத்தடுப்பு ரசாயன வியாபாரத்தின் உள் விவகாரங்களைத் தொடர் கட்டுரைகளாக அம்பலப்படுத்திற்று. 2013-ல் கலிபோர்னியாவின் விதி மாறியது. சுடர்ப் பரீட்சை போய், உறைத்துணி புகைந்து கனல்வதைச் சோதிக்கும் பரீட்சை வந்தது. ரசாயனம் இல்லாமலே அதில் தேறலாம். 2018-ல் குழந்தைச் சாமான்கள் பலவற்றில் தீத்தடுப்பு ரசாயனத்தையே அந்த மாநிலம் விலக்கிச் சட்டம் செய்தது. ஆனால் கார் சம்பந்தப்பட்ட சாமான்கள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. 302-ஆம் எண் விதி மத்திய சர்க்காருடையது. மாநிலத்தின் கை அங்கே எட்டவில்லை. 2024-ல் டியூக் ஆராய்ச்சி வெளியானபோதும், அரை நூற்றாண்டுக்கு முன் சிகரெட்டுக்காக எழுதிய அந்த விதியே நடப்பில் இருந்தது. வீட்டுச் சோபாவில் கூடாது என்று தீர்ந்த பொருள், காரின் மூடிய கண்ணாடிகளுக்குள் மட்டும் குழந்தைக்கு எப்படி ஆகும்?

நம் வாசலுக்கும் வந்த செய்தி

அமெரிக்கக் காரைப் பற்றி நமக்கென்ன கவலை என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-ல் செய்த திருத்தம், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் காரில் பெல்ட் போட்டோ, அதற்கான பாதுகாப்பு ஆசனத்திலோதான் அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறது. மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம். இது நல்ல சட்டம். ஆனால் ஆசனம் வீடு தேடி வரும்போது, அதன் பஞ்சில் என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும். உஷ்ணம் ஏறினால் ரசாயனமும் ஏறும் என்பது முடிவானால், சித்திரை வெயிலில் நிற்கும் காருக்கு அந்த முடிவு எவ்வளவு பொருந்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2024-ல் வெளியான பத்திரிகைச் செய்தி ஒன்றைக் கண்ட நமது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், யாரும் மனுப் போடாமலே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவையும் பதில் சொல்லும்படி கேட்டது. விஞ்ஞானப் பத்திரிகையிலேயே அந்தக் கட்டுரை அடங்கிக் கிடந்திருந்தால் இது நடந்திருக்குமா? ஒரு நிருபர் எடுத்து எழுதினார். நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. ஆராய்ச்சியை ஊருக்குச் சொல்வதன் பலன் இதைவிடத் தெளிவாகத் தெரிய வேண்டியதில்லை.

இனி செய்ய வேண்டியதும் அதிலிருந்தே தெரிகிறது. இந்த நாட்டில் ஓடும் கார்களையும், விற்கும் குழந்தை ஆசனங்களையும், இந்த நாட்டு வெயிலிலேயே வைத்துச் சோதிக்க வேண்டும். நமது சர்வகலாசாலைகளுக்கு அது எட்டாத காரியமல்ல. ஒரு வாரம் தொங்கவிடும் சிலிக்கோன் பட்டைக்குப் பெரிய மாளிகை தேவையில்லை. வரும் முடிவு எதுவாயினும், நல்லதோ பொல்லாததோ, மாடலின் பெயரோடும், எளிய தமிழிலும், எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். சரக்கில் குற்றமில்லை என்றால் கம்பெனிக்கே அது இலவச விளம்பரம். குற்றம் இருந்தால், அதை அறியும் உரிமை காசு கொடுத்து வாங்குகிறவருக்கு உண்டு.

குடத்தில் இட்ட விளக்கும் விளக்குத்தான். ஆனால் அதன் வெளிச்சம் குடத்துக்கு மட்டுமே. ஆசனத்தில் வார் போட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பேசத் தெரியாது. மனுப் போடத் தெரியாது. விஞ்ஞானப் பத்திரிகை படிக்கவும் தெரியாது. தன் விரலை வாயில் வைத்துக்கொள்ள மட்டும் தெரியும். அந்த விரலில் என்ன இருக்கிறது என்று அறிந்தவர்கள், அதை அதன் தாயிடம் சொல்லியே ஆக வேண்டும்.